ஐ.சி. கொப்பி எங்கே போகிறது?

தோட்டத்திலிருந்து கொழும்புக்கு ஒரு காரியமாகப் போகிறவர்களின் கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பைல் இருக்கும். அதற்குள்ளே அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பத்திரம், கிராம உத்தியோகத்தர் கடிதம், பேங்க் புத்தகம் எல்லாம் இருக்கும். வெள்ளவத்தையில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்வதானாலும், கொட்டாஞ்சேனையில் ஒரு ரூம் வாடகைக்கு எடுப்பதானாலும், வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிப்பதானாலும் முதலில் வருகிற கேள்வி, "ஐ.சி. கொப்பி இருக்கா?" என்பதுதான். உடனே பக்கத்தில் உள்ள கொமியூனிகேஷனுக்கு ஓடுகிறோம். "அண்ணே, ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல அஞ்சு கொப்பி போடுங்க" என்கிறோம். காசைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

அந்த ஐந்து கொப்பியும் யார் யார் கைக்குப் போயின, கடைக்கார அண்ணனின் மெஷினிலும் ஃபோனிலும் எது மிச்சம் இருக்கிறது என்று யோசிக்க நமக்கு நேரம் இருப்பதில்லை. ஆனால் யோசித்தே ஆக வேண்டிய காலம் இது. கொப்பி எடுக்கும் முறை மாறிவிட்டது. அதற்கேற்ப நம்முடைய கவனமும் மாற வேண்டும்.

நமக்கு ஏன் இது பெரிய விஷயம்?

பத்திரத்தின் அருமையை மலையக மக்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது தோட்ட மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. யார் இந்தியாவுக்கு, யார் இங்கே என்று குடும்பங்கள் விண்ணப்பப் பத்திரங்களின் பின்னால் அலைந்தன. கடைசியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை வழங்கியது.

இத்தனை வருடமும் நம் தாத்தா பாட்டிமார் தகரப் பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்திருந்தது நகைநட்டை அல்ல, பத்திரங்களைத்தான். ஒரு துண்டு தொலைந்தால் எத்தனை தடவை பிரதேச செயலகத்துக்கு நடக்க வேண்டும், எத்தனை நாள் பேர் போடாமல் சம்பளத்தை இழக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். மூலப் பத்திரத்தை இப்படிப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு, அதன் கொப்பியை மட்டும் கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு வருகிறோம். இன்றைக்கு அந்தக் கொப்பியாலேயே பல காரியம் ஆகிவிடும்.

அன்றைய மெஷின், இன்றைய மெஷின்

அந்தக் காலத்தில் தோட்ட ஆபீசில் கிளாக்கர் ஐயா கார்பன் தாள் வைத்து டைப் அடிப்பார். சங்கத்து நோட்டீஸ்கள் ரோனியோவில் சுற்றப்பட்டு, மை ஈரம் காயாமல் வரும். இவற்றில் எதை எத்தனை பிரதி எடுத்தோம் என்பது எடுத்தவருக்கே தெரியும்.

போட்டோ கொப்பி முறையைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான செஸ்டர் கார்ல்சன். காப்புரிமை ஆவணங்களுக்குத் திரும்பத் திரும்பப் பிரதி எடுக்க வேண்டிய வேலையில் இருந்தவர் அவர். 1938 ஒக்டோபர் 22ஆம் திகதி நியூயோர்க்கில் அஸ்டோரியா என்னுமிடத்தில் தன் முதல் பிரதியை எடுத்தார். கந்தகம் பூசிய நாகத் தகடு ஒன்றைத் துணியால் தேய்த்து மின்னேற்றினார். எழுத்துள்ள கண்ணாடியை அதன்மேல் வைத்து வெளிச்சம் பாய்ச்சினார். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னேற்றம் போய்விட்டது. எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் நின்றது. தூவிய பொடி அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது. அதைத் தாளில் ஒற்றி எடுத்துச் சூடாக்கினார், எழுத்து பதிந்துவிட்டது. இந்த முறையில் 1959இல் வெளிவந்த ஸெரொக்ஸ் 914 என்னும் மெஷின்தான் ஆபீஸ்களில் பரவலாக இடம்பிடித்தது. இன்றும் மெஷினுக்குள் நடப்பது இதே மின்னேற்றமும் பொடியும் சூடும்தான்.

பழைய மெஷினில் ஒரு நிம்மதி இருந்தது. வெளிச்சம் நேராக உருளையில் விழும், பிரதி வரும், அதோடு உருளை துடைக்கப்படும். மெஷினுக்குள் எதுவும் தங்காது. புதிய டிஜிட்டல் மெஷின் அப்படியல்ல. அது முதலில் உங்கள் தாளை ஸ்கேன் செய்து படமாக்கித் தன் நினைவகத்தில் வைக்கிறது. பிறகு அந்தப் படத்தைப் பார்த்து அச்சடிக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் ஸ்கேனரும் கம்பியூட்டரும் பிரிண்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. பெரிய ஆபீஸ்களில் உள்ள பல மெஷின்களில், கம்பியூட்டரில் இருப்பது போலவே ஹார்ட் டிஸ்க்கும் இருக்கிறது. அதில் பழைய படங்கள் தங்கிவிடலாம்.

வாடகை மெஷினால் வந்த வினை

2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சிக்காரர்கள் பழைய கொப்பி மெஷின்கள் நான்கை விலைக்கு வாங்கி, அவற்றின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தார்கள். பொலிஸ் விசாரணைப் பத்திரங்கள், சம்பளப் பத்திரங்கள், நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. மெஷின்களில் ஒன்று அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்னும் சுகாதாரக் காப்புறுதி நிறுவனம் வாடகைக்கு எடுத்துப் பாவித்தது. திருப்பிக் கொடுக்கும்போது டிஸ்க்கைத் துடைக்கவில்லை. 3,44,579 பேருடைய விபரம் இதனால் வெளியே போயிருக்கலாம் என்று அந்த நிறுவனமே கணக்குக் கொடுத்தது. 2013 ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்கச் சுகாதாரத் திணைக்களத்துக்கு 12,15,780 டொலர் கட்டித்தான் விஷயம் தீர்ந்தது.

இதைக் கேட்டு, கொமியூனிகேஷன் மெஷின் எல்லாமே நம் பத்திரத்தைத் திருடி வைத்திருக்கிறது என்று பயப்பட வேண்டாம். சிறு கடைகளில் உள்ள சாதாரண மெஷின்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. மெஷினை நிறுத்தியதும் நினைவகம் காலியாகிவிடும். கடையில் ஆபத்து வேறு வழியாக வருகிறது.

கடையில் எங்கே கோட்டை விடுகிறோம்?

முதலாவது, வட்ஸ்அப். "ஐ.சி.யை ஃபோன்ல படம் எடுத்து இந்த நம்பருக்கு அனுப்புங்க தங்கச்சி, பிரிண்ட் எடுத்துத் தாறேன்" என்பார் கடைக்காரர். அனுப்புகிறோம், பிரிண்ட் வருகிறது, போய்விடுகிறோம். படம் கடை ஃபோனில் இருக்கிறது. கடைக் கம்பியூட்டரின் டவுன்லோட் பகுதியிலும் இருக்கிறது. நம்முடைய பெயரும் ஃபோன் நம்பரும்கூட அதோடு சேர்ந்தே இருக்கின்றன. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கம்பியூட்டரில் நாளைக்கு யார் உட்காருவார், அந்த ஃபோன் பழுதுபார்க்க எங்கே போகும் என்பது அவருக்கே தெரியாது.

இரண்டாவது, பென் டிரைவ். கடைக் கம்பியூட்டரில் செருகினால் அங்கிருக்கும் வைரஸ் நம்மிடம் வரலாம். நம் பைல் அங்கே கொப்பியாகித் தங்கவும் கூடும்.

மூன்றாவது, மெஷினின் கண்ணாடி. கொப்பியை வாங்கிக்கொண்டு மூலத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் ஏராளம். மூடியைத் திறந்து பார்த்து எடுத்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும்.

நான்காவது, பழுதான தாள். கோணலாக விழுந்தது, கறுப்பாக வந்தது என்று ஒதுக்கிப் போடும் தாளிலும் நம் முகமும் இலக்கமும் இருக்கின்றன. கடலைச் சுருளும் வடைப் பையும் எந்தத் தாளில் வருகின்றன என்று விரித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பிள்ளைகளின் பரீட்சைத் தாள், ஆபீஸ் கடிதம், யாரோ ஒருவரின் விண்ணப்பம் எல்லாம் அங்கே வரும். பழுதான தாளையும் கேட்டு வாங்கி, கிழித்துப் போடுங்கள்.

அந்த இலக்கம் என்ன சொல்கிறது?

"வெறும் நம்பர்தானே, அதுல என்ன இருக்கு?" என்று சிலர் கேட்பார்கள். நம் அடையாள அட்டை இலக்கம் வெறும் வரிசை எண் அல்ல. பழைய இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அந்த நாளோடு 500 கூட்டப்படும். 85032 என்று தொடங்கினால் 1985ஆம் ஆண்டின் 32ஆம் நாள், அதாவது பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த ஆண். 85532 என்று தொடங்கினால் அதே நாளில் பிறந்த பெண். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணிலும் இதே முறைதான். ஆண்டு மட்டும் 1985 என்று முழுதாக வரும்.

ஆகவே இலக்கம் தெரிந்தால் பிறந்த திகதி தெரியும். கொப்பி கிடைத்தால் முழுப்பெயர், விலாசம், முகம் எல்லாம் தெரியும். அதை வைத்து இன்னொருவர் பெயரில் சிம் எடுக்கலாம். கடன் விண்ணப்பத்தில் பிணையாளியாகப் பெயரைச் சேர்க்கப் பார்க்கலாம். குழுக் கடனால் பட்டபாடு போதாதா? எடுக்காத கடனுக்கும் வாசலில் ஆள் வந்து நின்றால் என்ன செய்வது?

பட்டியல் தப்பான கைக்குப் போனால்

விபரம் கசிந்தால் காசு மட்டும்தான் போகும் என்று நினைக்கக் கூடாது. 1983 ஜூலையில் வெள்ளவத்தை உட்படக் கொழும்பின் பல இடங்களில் தமிழர் வீடுகளைத் தாக்க வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்ததை, அன்று உயிர் தப்பியவர்களும் பின்னால் ஆய்வு செய்தவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பதை அந்தத் தாள்கள் காட்டிக் கொடுத்தன. அந்த இடாப்பு தேர்தலுக்காகத் தயாரிக்கப்பட்டது. அதைக் கொண்டு செய்தது வேறு.

அதன் பிறகு யுத்த காலம் முழுவதும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் தங்கிய தமிழர் ஒவ்வொருவருடைய விபரமும் பதியப்பட்டது. 2007 ஜூன் 7ஆம் திகதி அந்த லொட்ஜுகளில் இருந்த 300க்கும் மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பை விட்டு அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உச்ச நீதிமன்றம் தலையிட்டு இடைக்காலத் தடை விதித்தது.

பழைய கதையைக் கிளறிப் பயமுறுத்துவது நோக்கமல்ல. ஒரு காரியத்துக்காகக் கொடுத்த விபரம் இன்னொரு காரியத்துக்குப் போகாமல் பார்க்க வேண்டும் என்பதற்கு, நம் கண்முன் நடந்த இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை. அன்று அது தாளில் இருந்தது. இன்று அதே விபரத்தை ஒரு விரல் தட்டலில் ஆயிரம் பேருக்கு அனுப்பலாம்.

கொப்பியை வாசித்துப் பாருங்கள்

இன்னொரு விஷயமும் உண்டு. டிஜிட்டல் கொப்பி எப்போதும் மூலத்தைப் போலவே இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 2013இல் டேவிட் கிரீசல் என்னும் ஜெர்மானியக் கம்பியூட்டர் அறிஞர், சில ஸெரொக்ஸ் மெஷின்கள் ஸ்கேன் செய்யும்போது இலக்கங்களை மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். 6 இருந்த இடத்தில் 8 வந்தது. படத்தின் அளவைச் சுருக்குவதற்காக, ஒரே மாதிரித் தெரியும் எழுத்துக்களை மெஷின் ஒன்றாகக் கருதிவிட்டதே காரணம். எழுத்து தெளிவாகவே இருந்ததால் பிழை யாருக்கும் தெரியவில்லை. அந்த நிறுவனம் பிறகு மென்பொருளைத் திருத்திக் கொடுத்தது.

ஈ.பி.எஃப். இலக்கத்தில் ஒரு எண் மாறினால் என்ன ஆகும் என்று ஓய்வுபெற்றவர்களைக் கேளுங்கள். கொப்பியைச் சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தக் கொண்டுபோகும் முன், மூலத்தோடு பக்கத்தில் வைத்து இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். கண் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

"எல்லாம் ஃபோன்ல இருக்கு, போதும்" என்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 2023இல் நமது அரசாங்கத்தின் கணினிச் சேவையையே இணையக் களவாளிகள் முடக்கினார்கள். சுமார் 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போய்விட்டன. அந்தக் காலத்துக்கு வேறு பிரதி வைத்திருக்கவில்லை. அரசாங்கத்துக்கே அப்படியென்றால் நம்முடைய ஃபோன் எம்மாத்திரம்? மூலத்தைத் தண்ணீர் படாத உறையில் வையுங்கள். ஒரு கொப்பியை நம்பிக்கையான உறவினர் வீட்டில் வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. இதை ஒரேயடியாக அல்லாமல் கட்டம் கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவரவே ஏற்பாடு செய்யப்பட்டது. சட்டத்தின் சாரம் எளிமையானது. ஒருவருடைய விபரத்தை வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார் என்று சொல்ல வேண்டும். தேவையானதை மட்டும் வாங்க வேண்டும். பத்திரமாக வைக்க வேண்டும். தேவை முடிந்த பின் வைத்திருக்கக் கூடாது. ஆகையால் "எதுக்கு சேர் கொப்பி?" என்று மரியாதையாகக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. கேட்பது நம் உரிமை.

நாம் செய்ய வேண்டியவை

1. கேட்ட அளவு மட்டும் கொப்பி எடுங்கள். "எதுக்கும் இருக்கட்டும்" என்று பத்து எடுக்க வேண்டாம்.

2. கொப்பியின் குறுக்கே, பெயரும் இலக்கமும் மறையாதபடி, யாருக்கு, எதற்காக, எந்தத் திகதியில் கொடுத்தீர்கள் என்று பேனாவால் எழுதுங்கள். "இன்ன கடையில் வேலைக்கு மட்டும்" என்று எழுதிய கொப்பியை வேறு காரியத்துக்குப் பாவிப்பது கஷ்டம். குறிப்பு எழுதிய கொப்பியை ஏற்பார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. கூடுமானவரை மூலத்தைக் கொண்டுபோய்க் கண்முன்னே கொப்பி எடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பியே ஆக வேண்டுமென்றால், பிரிண்ட் எடுத்ததும் ஃபோனிலும் கம்பியூட்டரிலும் ரிசைக்கிள் பின்னிலும் அழிக்கச் சொல்லி, நின்று பார்த்துவிட்டு வாருங்கள். "அண்ணே, அதை அழிச்சிடுங்க" என்று கேட்க வெட்கம் வேண்டாம்.

4. மூலம், கொப்பி, பழுதான தாள் மூன்றையும் எண்ணி எடுத்துக்கொண்டு கடையை விட்டு இறங்குங்கள்.

5. வேலை கொடுப்பவர் மூல அடையாள அட்டையையோ பாஸ்போர்ட்டையோ "நான் வச்சிருக்கிறேன்" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். கொப்பி போதும். கொழும்புக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இதைப் பஸ் ஏற்றும் முன்பே சொல்லி அனுப்புங்கள்.

6. வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வைத்து, அதோடு ஐ.சி. கொப்பியையும் சேர்த்து யாரிடமும் கொடுக்காதீர்கள்.

7. எந்த நாளில் யாருக்கு என்ன கொப்பி கொடுத்தோம் என்று ஒரு கொப்பிப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். செக்ரோல் போல இதுவும் ஒரு கணக்குத்தான்.

அடையாள அட்டை தொலைந்தால் முதலில் பொலிசில் முறைப்பாடு செய்து பிரதி வாங்குங்கள். பிறகு கிராம உத்தியோகத்தர் மூலமாகப் புதியதற்கு விண்ணப்பியுங்கள். நம் பெயரில் தெரியாத சிம் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் ஃபோன் கம்பனிக் கிளைக்கு நேரில் போய்க் கேளுங்கள். எடுக்காத கடனுக்குக் கடிதம் வந்தால் சும்மா இருந்துவிடக் கூடாது. அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் மறுப்புக் கொடுத்து, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் இணையுங்கள்.

மற்றவர்களின் பத்திரத்தை வாங்குகிறவர்களுக்கு

தோட்ட ஆபீஸ், பாடசாலை, முன்பள்ளி, தொழிற்சங்கக் கிளை, கோயில் கமிட்டி, நம்முடையதைப் போன்ற நலன்புரி அமைப்புகள் என எல்லாரும் மக்களிடம் ஐ.சி. கொப்பி வாங்குகிறோம். நிவாரணப் பட்டியல் போடும்போது கட்டுக் கட்டாகச் சேருகிறது. வேலை முடிந்ததும் அந்தக் கட்டு மேசைக்கு அடியில் கிடக்கிறது. அதைப் பூட்டுள்ள அலுமாரியில் வையுங்கள். தேவை முடிந்தால் கிழித்தோ எரித்தோ விடுங்கள். பெயர்ப் பட்டியலை ஐ.சி. இலக்கத்தோடு வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஆபீஸ் கொப்பி மெஷினை மாற்றும்போதோ வாடகை மெஷினைத் திருப்பும்போதோ, "ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா, துடைத்தாயிற்றா?" என்று விற்பனைக்காரரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

டிஜிட்டல் மாற்றத்தால் நமக்கு நன்மையும் உண்டு. பதிவேடுகள் கணினிக்கு வந்ததனால், முன்பு ஊருக்கு ஊர் அலைந்து எடுத்த பிறப்புப் பத்திரப் பிரதியை இன்று பல பிரதேச செயலகங்களில் எடுக்க முடிகிறது. கொழும்பில் இருக்கும் பிள்ளைக்கு லயத்தில் இருந்தபடியே பத்திரம் அனுப்ப முடிகிறது. வசதியை விட வேண்டியதில்லை, கவனத்தைக் கூட்டினால் போதும்.

இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும் வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து பைலைத் திறந்து பாருங்கள். மூலம் எல்லாம் இருக்கிறதா, கடந்த ஒரு வருடத்தில் யார் யாருக்குக் கொப்பி கொடுத்தோம் என்று நினைவுபடுத்தி எழுதுங்கள். கொழும்பில் வேலை செய்யும் மகனுக்கும் மகளுக்கும் இன்றைக்கே ஒரு அழைப்பு எடுத்து விஷயத்தைச் சொல்லுங்கள். நம் பெரியவர்கள் பட்டபாட்டில் வந்து சேர்ந்த பத்திரங்கள் இவை. அவற்றின் கொப்பியையும் மூலத்தைப் போலவே மதித்துப் பாதுகாப்போம்.